நாகப்பட்டினத்திலிருந்து மாமாவும் அத்தையும் வருகிறார்கள்: பினாங்கில் என்ன காட்டலாம், ஒரு நாள் தீவுக்கு வெளியே எங்கே போகலாம்?

பாயான் லெப்பாஸ் ஷிஃப்ட் | செவ்வாய், இரவு 10.12

வணக்கம். மனைவியின் அப்பா அம்மா ஊரிலிருந்து முதல் தடவையாக வருகிறார்கள். வியாழன் சாயங்காலம் சென்னையிலிருந்து நேராகப் பினாங்கில் இறங்குகிறார்கள். திங்கள் மதியம் மச்சினனைப் பார்க்கக் கோலாலம்பூருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆக வெள்ளி, சனி, ஞாயிறு முழுசாகக் கையில் இருக்கிறது, திங்கள் காலையில் கொஞ்சம் நேரம்.

மாமாவுக்கு 71 வயது. நாகப்பட்டினம் துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நன்றாக நடப்பார், ஆனால் வெயில் ஏறினால் கோபமும் ஏறும். அத்தைக்கு முழங்கால் வலி, படியைக் கண்டால் உட்கார்ந்துவிடுவார். அத்தை சுத்த சைவம். மாமாவுக்கு மீன் இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை. கூடவே எங்கள் வீட்டு வால், ஆறு வயது. மைவி காடி (கார்) இருக்கிறது, ஐந்து பேரும் நெருக்கி உட்காரலாம்.

நான் போட்டது: வெள்ளி கொடிமலை (பினாங்கு ஹில்), கெக் லோக் சி பௌத்தக் கோயில், தண்ணீர்மலை. சனி ஜார்ஜ்டவுன் முழுக்க, சாயங்காலம் பத்து பிரிங்கி கடற்கரை. ஞாயிறு லங்காவி. திங்கள் காலை தெலுக் பாஹாங் பட்டாம்பூச்சிப் பண்ணை. மனைவி பார்த்துவிட்டு, "எங்க அப்பா அம்மா வர்றது நம்மளப் பாக்க, நீங்க என்ன டூர் பஸ் ஓட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். எதை வெட்டலாம்?

தஞ்சோங் டோக்கோங் அக்கா | செவ்வாய், இரவு 10.40

வெள்ளிக்கிழமைப் பட்டியலைப் படிக்கும்போதே எனக்கு முழங்கால் வலித்துவிட்டது தம்பி. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. அத்தையை அடிவாரத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறப் போகிறீர்களா? அதை எடுத்துவிடு. அதே வாட்டர்ஃபால் ரோட்டில் கீழேயே நாட்டுக்கோட்டை நகரத்தார் கோயில் இருக்கிறது, 1857ல் கட்டியது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் வந்து நிற்கிற இடம். தேக்குத் தூணும் விசாலமான கூடமுமாக, செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். அத்தை நிம்மதியாகக் கும்பிடலாம்.

கொடிமலையும் கெக் லோக் சியும் ஆயர் ஈத்தாம் பக்கம்தான், ஒரே நாளில் முடியும். ஆனால் மலை முதலில். காலை ஏழரைக்குள் கீழ் நிலையத்தில் நில்லுங்கள். பத்து மணி ஆனால் வரிசை சாலை வரை வந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். முன்பெல்லாம் நடுவழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். 2011ல் புதுப்பித்த பிறகு ஒரே ஓட்டம், சில நிமிடத்தில் மேலே. மேலே அருளொளித் திருமுருகன் கோயில் இருக்கிறது, தெரியும்தானே? தண்ணீர்மலை போகாத குறை அதிலேயே தீர்ந்தது. குளிர் கீழே இருப்பதை விட நாலைந்து டிகிரி குறைவு, மாமா கோபமும் அந்த அளவுக்குக் குறையும்.

கெக் லோக் சிக்குக் கீழே சந்தைக் கடைகள் வழியாக நடந்து ஏறாதே. காடியை மேலே வரை விடலாம். குவான் யின் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அங்கிருந்து இறங்கி வந்து பாருங்கள்.

பத்து பிரிங்கி எதற்கு? நாகப்பட்டினத்துக்காரருக்குக் கடற்கரை காட்டப் போகிறாயா?

ஜொகூர் ஜெகா | செவ்வாய், இரவு 11.05

லங்காவியைப் பத்தி ஏன் யாரும் பேசல? கேபிள் கார், கழுகுச் சிலை, வரியில்லா சாக்லேட். மாமியாருக்கு ஊருக்குக் கொண்டுபோக சாக்லேட் வேணாமா?

தஞ்சோங் டோக்கோங் அக்கா | செவ்வாய், இரவு 11.09

ஒரே நாளில் போய்த் திரும்ப லங்காவி ஆகாது ஜெகா. கோலா கெடா வரைக்கும் காடி, பிறகு ஒன்றரை மணிக்கு மேல் படகு, பிறகு அங்கே வண்டி எடுக்க வேண்டும், திரும்பி வர அதே பாடு. தீவில் நிற்பது மூன்று மணி நேரம்கூட இருக்காது. இரண்டு இரவு தங்கினால் போகலாம். சாக்லேட் இங்கேயும் விற்கிறான்.

எஸ்.பி. பையன் | புதன், காலை 7.20

ஷிஃப்ட் அண்ணே, நாகப்பட்டினம்னு போட்டுட்டு லெம்பா பூஜாங் (பூஜாங் பள்ளத்தாக்கு) பேர் பட்டியல்ல இல்லையே! நம்ம கடாரம் அண்ணே. பாலம் தாண்டி நெடுஞ்சாலையில வடக்கே வந்தா சுங்கை பட்டாணி, அங்கேர்ந்து பீடோங், மெர்போக். தீவுலேர்ந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. குனோங் ஜெராய் அடிவாரத்துல அருங்காட்சியகம், அதுக்குள்ளயே பழைய கோயில் அடித்தளங்கள், பக்கத்துல ஓடை, மரநிழல். எங்க சின்ன வயசுல பள்ளிக்கூடச் சுற்றுலான்னா அதுதான்.

இன்னொண்ணு. எங்க கெடா மாநிலத்துல வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு எங்களுக்கு வேலை நாள். நீங்க ஞாயித்துக்கிழமை வந்தா கூட்டமே இருக்காது. அதே கணக்குல, கொடிமலைக்குப் பினாங்கு வேலை நாளான வெள்ளியில போங்க. ரெண்டு மாநிலத்து லீவையும் ஏமாத்திடலாம்.

ஜொகூர் ஜெகா | புதன், காலை 8.02

எங்க ஊரும் அப்படித்தான் இருந்துச்சு, 2025 ஜனவரியிலேர்ந்து சனி ஞாயிறுக்கு மாத்திட்டாங்க. எனக்கு இன்னும் வெள்ளிக்கிழமை காலையில முழிப்பே வர மாட்டேங்குது.

வீரசோழன் 1025 | புதன், காலை 9.31

கட்டாயம் லெம்பா பூஜாங் போக வேண்டும். ராஜேந்திர சோழன் கடாரம் வென்று கட்டிய சிவாலயங்கள் அவை! தமிழன் என்று சொல்லிக்கொள்பவன் ஒவ்வொருவனும் நின்று வணங்க வேண்டிய இடம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அண்ணன் தம்பி!

பழைய வாத்தியார் | புதன், பிற்பகல் 2.15

வீரசோழன் தம்பி, உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் இப்படிச் சொல்லி அழைத்துப் போனால், வருகிறவர் காடியை விட்டு இறங்கியதும் "கோபுரம் எங்கே?" என்று கேட்பார். எத்தனையோ விருந்தாளிகள் அந்த இடத்தில் முகம் சுளித்ததைப் பார்த்திருக்கிறேன். இடத்தின் மேல் குற்றமில்லை, நாம் கொடுத்த விளம்பரத்தின் மேல்தான் குற்றம்.

அங்கே இருப்பவை அடித்தளங்கள். இடுப்பளவு கல் மேடை, செங்கல் மேடை, தூண் நட்ட குழியோடு கல் பீடங்கள். மேலே இருந்தது மரமும் கூரையும், அது எப்போதோ மக்கிப் போயிற்று. பெரியது புக்கிட் பத்து பஹாட் சண்டி (பழைய கோயிலை இங்கே சண்டி என்பார்கள்). விமானம், மண்டபம் என்ற அமைப்பு தரையிலேயே தெளிவாகத் தெரியும். 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தோண்டினார், பிறகு 1960 வாக்கில் அதே இடத்தில் கல்லை அடுக்கிச் சீரமைத்தார்கள். அருங்காட்சியக வளாகத்தில் உள்ள மற்றவை வேறு இடங்களிலிருந்து பெயர்த்து வந்து வைத்தவை. கருவறைக்கு அடியில் புதைத்த கல் பேழைகள் உள்ளே காட்சியில் இருக்கின்றன, அவற்றைத் தவற விடாதீர்கள்.

ராஜேந்திரன் 1025ல் கப்பல் படை அனுப்பியது உண்மை. தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் அது படையெடுப்பு; வந்தார்கள், வென்றார்கள், போனார்கள். பூஜாங்கில் உள்ள கட்டடங்களில் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியவையும் உண்டு, பிந்தியவையும் உண்டு. பௌத்தமும் சைவமும் கலந்து கிடக்கின்றன. வியாபாரிகளும் மாலுமிகளும் உள்ளூர் அரசர்களும் சேர்ந்து உண்டாக்கிய துறைமுக ஊர் அது. இந்த வட்டாரத்தில் கிடைத்த பழைய கல்வெட்டுகளில் பேர்போனது புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவனுடையது. 1834ல் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் லோ, தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறைப் பக்கம் கண்டெடுத்தார், இப்போது கல்கத்தாவில் இருக்கிறது. ஒரு மாலுமி, பயணம் நலமாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பொறித்தது. அரசனுடைய மெய்க்கீர்த்தி இல்லை.

ஷிஃப்ட் தம்பி, உங்கள் மாமாவுக்குச் சொல்ல வேண்டிய கதை வேறு. படையெடுப்புக்கு இருபது வருடத்துக்கு முன்னால் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் கட்டினான், சூடாமணி விகாரம். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே மானியமாகக் கொடுத்தான், லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. அந்த விகாரத்தின் மிச்சமாக நின்ற செங்கல் கோபுரத்தை 1867ல் இடித்துவிட்டார்கள். அங்கே கிடைத்த வெண்கலப் புத்தர்கள் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். ஆக, மெர்போக்கிலிருந்து போனவர்கள் அவர் ஊரில் கட்டியது போயிற்று. அவர் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் புழங்கிய இடத்தின் அடித்தளம் இங்கே கிடக்கிறது. இதைக் காடியில் போகும்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம் அவர் கோபுரம் கேட்க மாட்டார்.

வீரசோழன் 1025 | புதன், மாலை 4.48

சார், சோழன் கட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இருக்கிறதையாவது ஒழுங்காகக் காப்பாற்றினார்களா? 11ஆம் எண் சண்டியை 2013ல் நிலம் மேம்படுத்துகிறோம் என்று புல்டோசர் விட்டு இடித்தது மறந்துவிட்டதா?

பழைய வாத்தியார் | புதன், மாலை 5.20

மறக்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. அதனால்தான் மிச்சமிருப்பதைப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

தைப்பிங் மழைக்காரி | புதன், இரவு 8.30

எல்லாரும் கல்லையும் செப்பேட்டையுமே பேசறீங்க. ஆறு வயசுப் பிள்ளை வருதே, அதை யாராவது நினைச்சீங்களா? என் ஓட்டு தைப்பிங்.

காடியே வேணாம். காலையில ஃபெர்ரி பிடிச்சு பட்டர்வொர்த். இறங்கினா பினாங்கு சென்ட்ரல், அங்கேயே கொமுட்டர் ரயில். பாரிட் புந்தார், பாகான் செராய் எல்லாம் தாண்டினா புக்கிட் மேரா ஏரிக்கு மேலேயே ரயில் போகும், ரெண்டு பக்கமும் தண்ணி. பிள்ளைங்க ஜன்னலை விட்டு நகராது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும், தைப்பிங் வந்துடும்.

ஏரித் தோட்டம் ஈயச் சுரங்கம் தோண்டின குழியிலே உண்டானது. மழைமரங்கள் சாலைக்கு மேல கிளையை நீட்டித் தண்ணியைத் தொட்டுக்கிட்டு நிக்கும். சமதரை, படியே இல்லை, அத்தைக்குத் தோதான இடம். பக்கத்துல விலங்குக் காட்சிசாலை. 1883ல திறந்த பேராக் அருங்காட்சியகம், நாட்டுலயே பழசு. இந்த நாட்டுல முதல் ரயில் ஓடினதும் எங்க ஊர்லேர்ந்துதான், 1885ல தைப்பிங் டூ போர்ட் வெல்ட். அந்த ரயில் பாதைக்கும் அலுவலகத்துக்கும் யாழ்ப்பாணத்துலேர்ந்து வந்தவங்க பேரப்பிள்ளைங்க இன்னும் இங்கே இருக்காங்க.

போர்க்கல்லறைத் தோட்டத்தையும் பாருங்க. சாலைக்கு ஒரு பக்கம் கிறிஸ்தவ வீரர்கள், மறுபக்கம் இந்து, முஸ்லிம் வீரர்கள். இந்தியப் படையோட பேர்களைப் படிச்சுக்கிட்டே நடந்தா நேரம் போறது தெரியாது.

ஒரே ஒரு எச்சரிக்கை: குடை. மத்தியானம் மூணு மணிக்கு மேல எங்க ஊர் மழை யாரையும் கேட்டுக்கிட்டு வராது.

எஸ்.பி. பையன் | புதன், இரவு 8.52

இப்ப நான் என்ன சொல்ல! தைப்பிங் நல்ல ஊர்தான். ஆனா ஏரித் தோட்டம் மாதிரி ஒண்ணை அவங்க ஊட்டி கொடைக்கானல்ல பாத்திருப்பாங்க. கடாரம் வேற எங்கயும் இல்லை.

தஞ்சோங் டோக்கோங் அக்கா | புதன், இரவு 9.15

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முழங்காலை வைத்துப் பார்த்தால் தைப்பிங். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து ஏரிக்கு கிராப் (செயலி வாடகைக் காடி) கூப்பிட வேண்டும், ஃபெர்ரி, ரயில், கிராப் என்று ஏறி இறங்கியே அத்தை களைத்துவிடுவார். பூஜாங்குக்கு வாசல் வரைக்கும் சொந்தக் காடி. அருங்காட்சியகம் வரை சுலபம், பெரிய சண்டிக்கு மட்டும் கொஞ்சம் மேடேற வேண்டும். அத்தை ஓடைப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளட்டும். பிள்ளைக்கு மாற்று உடை எடுத்துப் போ, அந்த ஓடையைப் பார்த்தால் இறங்காமல் வராது.

சொந்தக் காடி இல்லாதவர்கள் இந்த இழையைப் படித்தால் ஒன்று சொல்கிறேன்: மெர்போக்கிலிருந்து திரும்ப கிராப் கிடைப்பது சிரமம். சுங்கை பட்டாணி வரை ரயிலில் வந்தாலும், அங்கிருந்து போக வர ஒரே வண்டியைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி பேச மனமில்லாதவர்களுக்குத் தைப்பிங்தான் சரி.

பாயான் லெப்பாஸ் ஷிஃப்ட் | வியாழன், காலை 6.05

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து எல்லாவற்றையும் படித்தேன். லங்காவி, பத்து பிரிங்கி, பட்டாம்பூச்சி மூன்றும் போயிற்று. ஞாயிறு பூஜாங் என்று முடிவு. தைப்பிங்கை டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு மனைவி எழுதி வைத்துக்கொண்டாள்.

இப்போது சனிக்கிழமை ஜார்ஜ்டவுன். நான் இங்கே இத்தனை வருடம் இருந்தும், யாராவது வந்தால் ஆர்மீனியன் ஸ்திரீட் சுவரோவியம் முன்னால் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பிவிடுவதோடு சரி. மாமாவுக்கு அது போதாது.

சூலியா ஸ்திரீட் பாய் | வியாழன், காலை 10.44

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் தம்பி. நாகப்பட்டினத்துக்காரரை நீங்க சூலியா ஸ்திரீட்டுக்குக் கூட்டிட்டு வராம இருந்தா நான் உங்ககூடப் பேச மாட்டேன்.

இங்க நாகூர் தர்கா இருக்கு. நாகூர் எஜமான் அடக்கமாகியிருக்கிறது உங்க மாமா ஊர்ப் பக்கத்துல, அவங்க நினைவுக்கு நம்ம கடலோடிங்க இங்க வந்து கட்டினது இது, ரொம்பப் பழசு. சின்ன இடம்தான், மூலையில கடைங்களுக்கு நடுவுல. நாகூர்ல இந்துக்கள் எப்படி வருவாங்களோ அப்படித்தான் இங்கயும், யாரும் யாரையும் கேக்கிறதில்ல. அங்கேர்ந்து நாலு எட்டு நடந்தா கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1801. வெள்ளிக்கிழமை மத்தியானம் வேணாம், ஜும்ஆ நெரிசல். சனி காலை தோதா இருக்கும். அத்தை தலையில முந்தானையைப் போட்டுக்கிட்டாப் போதும், மேல போட்டுக்க அங்கி வாசல்லயே கொடுப்பாங்க.

அதே சாலையில வடக்கே நடங்க. சீனங்களோட கருணை அம்மன் கோயில், ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும். அதையும் தாண்டினா 1818ல கட்டின செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். வலது பக்கம் திரும்பினா குவீன் ஸ்திரீட், மகாமாரியம்மன் கோயில், 1833லேர்ந்து இருக்கு. பள்ளிவாசல், சீனக் கோயில், சர்ச், மாரியம்மன் எல்லாம் பத்து நிமிச நடைக்குள்ள. கோயில் நடை மத்தியானம் சாத்திடுவாங்க, அதனால பதினொண்ணுக்குள்ள அங்க இருங்க. அதுக்கப்புறம் லிட்டில் இந்தியா, அங்க சைவக் கடைங்க இருக்கு, அத்தைக்கு வாழையிலைச் சாப்பாடு.

மாமாவுக்கு நாசி கண்டார், சோத்து மேல விதவிதமா கறி ஊத்திக் கொடுக்கிறது. அவர் துறைமுகத்துல இருந்தவர்னு சொன்னீங்க. இந்தச் சாப்பாடே துறைமுகத்துக் கூலிக்காரங்களுக்குத் தோள்ல காவடி கட்டிச் சுமந்துட்டுப் போய் நம்ம ஆளுங்க வித்ததுதான். மீன் தலைக்கறி கேளுங்க, மீன் முட்டை இருந்தா விடாதீங்க. பெரிய இறாலைக் காட்டிப் போடச் சொல்றதுக்கு முன்னாடி விலையைக் கேட்டுக்குங்க, அப்புறம் கல்லாவுல நின்னு என்னைத் திட்டக் கூடாது. அத்தைக்கு இங்க எதுவும் வாங்காதீங்க. ஒரே கரண்டி மீன் குழம்புலயும் போகும், பருப்புலயும் போகும்.

பாயான் லெப்பாஸ் ஷிஃப்ட் | வியாழன், காலை 11.30

நன்றி பாய். காடியை எங்கே விடுவது? சனிக்கிழமை அந்தப் பக்கம் சுற்றிச் சுற்றி வந்து வீட்டுக்கே திரும்பினவன் நான்.

சூலியா ஸ்திரீட் பாய் | வியாழன், பகல் 12.02

ஒன்பதுக்கு முன்னாடி வந்தா தெருவோரமே கிடைக்கும், பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலியில கட்டிடுங்க. பிந்திட்டா கொம்தார் கட்டடத்துல விட்டுட்டு இலவச கேட் பஸ்ல ஏறி வாங்க.

பழைய வாத்தியார் | வியாழன், பிற்பகல் 3.40

துறைமுக எழுத்தர் என்று படித்ததிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அவருக்கு 71 வயது என்றால் ரஜூலா கப்பலைப் பார்த்திருப்பார், எம்.வி. சிதம்பரத்தைக் கட்டாயம் பார்த்திருப்பார். 1926லிருந்து எழுபதுகளின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது ரஜூலா. அடுத்து வந்த சிதம்பரம் 1985ல் தீப்பிடித்த பிறகு நின்றுவிட்டது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையில் ஒட்டாது. ஆட்களைப் படகில் ஏற்றி அலையில் ஆடி ஆடிக் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றுவார்கள். என் அப்பா அப்படி வந்தவர்தான். இந்த ஊரில் தமிழ்க் குடும்பம் ஒன்றைத் தட்டினால் அதற்குள் இந்தக் கப்பல்களில் ஒன்று இருக்கும்.

அதனால் ஃபெர்ரி ஏறுங்கள். தைப்பிங் போவதற்காக இல்லை, சும்மா பட்டர்வொர்த் போய் அடுத்த படகில் திரும்பி வருவதற்காக. 2023ல் வந்த புதுப் படகுகளில் காடி ஏறாது. ஆட்களும் மோட்டார் சைக்கிளும்தான். கட்டணம் ஓரிரண்டு ரிங்கிட். நடுக்கடலில் நின்று பார்த்தால் கோட்டை, மணிக்கூண்டு, இன்று உல்லாசக் கப்பல்கள் ஒட்டுகிற சுவெட்டன்ஹாம் துறை எல்லாம் வரிசையாகத் தெரியும். காசு கொடுத்துத் துறைமுகச் சுற்றுலா போகிறவர்களுக்குக் கிடைப்பதும் இதே காட்சிதான்.

ஞாயிறன்று முதலாவது பாலத்தில் போகும்போது தெற்கே தெரிகிற தீவு ஜெரஜாக். டெக்கில் வந்தவர்களை நோய்த் தடுப்புக்காக அங்கே இறக்கி வைப்பார்கள். ஊருக்குள் கால் வைக்கும் முன்னால் எத்தனையோ பேர் பார்த்த முதல் மலாயா மண் அதுதான். வண்டியை நிறுத்த முடியாது, கையைக் காட்டிச் சொல்லுங்கள்.

பாயான் லெப்பாஸ் ஷிஃப்ட் | வியாழன், மாலை 4.25

சார், விமான நிலையம் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். கடைசியாக இப்படி வைத்திருக்கிறேன். வெள்ளி விடியலில் கொடிமலை, இறங்கி கெக் லோக் சி, மத்தியானம் வீட்டில் தூக்கம், சாயங்காலம் நகரத்தார் கோயில். சனி காலை பாய் சொன்ன தெரு, இரண்டு சாப்பாட்டுக் கடை, வெயில் தாழ்ந்ததும் ஃபெர்ரி, திரும்பி வந்து பாடாங் கோத்தாவில் காற்று. ஞாயிறு பூஜாங். திங்கள் காலை சௌரஸ்தா மார்க்கெட்டில் ஜாதிக்காய் ஊறல் வாங்கிவிட்டு ஊரை விட்டுக் கிளப்புதல்.

எஸ்.பி. பையன் | வியாழன், மாலை 5.10

ஞாயிறு எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிடுங்க அண்ணே. மூணு மணிக்குள்ள திரும்பிடணும், சாயங்காலம் நெடுஞ்சாலையில தெற்கே போற வண்டி எல்லாம் சேர்ந்துக்கும். பாலத்துக்கு வரும்போது டோல் உண்டு, டச் அண்ட் கோ அட்டையில காசு பாத்துக்குங்க. பூஜாங் முடிச்சிட்டு சுங்கை பத்து பக்கம் நிறுத்துங்க, இரும்பு உருக்கின இடம், சாலை ஓரமே. நேரம் மிச்சமிருந்தா தஞ்சோங் டாவாய், கருவாடு நல்லா கிடைக்கும்.

தஞ்சோங் டோக்கோங் அக்கா | வியாழன், மாலை 5.14

நாகப்பட்டினத்துக்காரருக்குக் கருவாடா? நீயுமா தம்பி!

மழை மேகம் | வியாழன், இரவு 7.50

இழையை அமைதியாகப் படித்து வருகிறேன். என் பெற்றோரும் அடுத்த மாதம் திருச்சியிலிருந்து வருகிறார்கள். விசா எப்படி?

தஞ்சோங் டோக்கோங் அக்கா | வியாழன், இரவு 8.20

இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம். இதைக் காலம் குறித்துத்தான் நீட்டிக்கிறார்கள், அதனால் டிக்கெட் எடுக்கும் முன் குடிநுழைவுத் துறையின் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள். விசா இல்லாவிட்டாலும் மின் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கிற தளம் என்றால் வெளியே வந்துவிடு. பெரியவர்களுக்கு அது தெரியாது, நீயே நிரப்பி அச்செடுத்து அனுப்பு. திரும்பும் டிக்கெட்டும் நீ இருக்கிற முகவரியும் கையில் இருக்கட்டும்.

பாயான் லெப்பாஸ் ஷிஃப்ட் | செவ்வாய், இரவு 9.05

நேற்று ஏற்றி அனுப்பிவிட்டேன். எப்படிப் போயிற்று என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள், இங்கேயே எழுதுகிறேன்.

கொடிமலைக்கு ஏழே காலுக்கு நின்றோம், வரிசை இல்லை. அத்தை முருகனைப் பார்த்ததும் மலைக்கு வந்த வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டார். கெக் லோக் சியில் மாமாவுக்கு அந்தப் பத்தாயிரம் புத்தர் கோபுரம் பிடித்தது. அடியில் சீனம், நடுவில் சயாம், உச்சியில் பர்மா பாணி என்று சொன்னதும், "மூணு காண்ட்ராக்டரா?" என்று கேட்டார்.

தர்காவில் மாமா நெடுநேரம் நின்றார். பாய், நீங்கள் சொன்ன மீன் முட்டையும் கிடைத்தது. இரண்டாவது தட்டு வேண்டாம் என்றவர், பிறகு என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்.

ஃபெர்ரியில் வாத்தியார் சார் சொன்ன கப்பல் கதையை ஆரம்பித்தேன். என்னைப் பேச விட்டால்தானே! சிதம்பரம் வருகிற நாளில் நாகப்பட்டினத்தில் லாட்ஜில் இடம் கிடைக்காது, பயணிகள் பட்டியலைக் கையால் எழுதி எழுதி விரல் மரத்துப்போகும், ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார். மனைவிக்கே இதெல்லாம் புதிது. பட்டர்வொர்த் போய்த் திரும்பி, மறுபடியும் ஒரு தடவை போகலாம் என்றார், போனோம்.

பூஜாங்கில் கோபுரம் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டார். "துறைமுகம்னு சொல்றீங்க, கப்பல் எங்கப்பா வந்து நிக்கும்? மலை அடிவாரத்துலயா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அருங்காட்சியகத்தில் இருந்த ஊழியர்தான் சொன்னார், அந்தக் காலத்தில் கடல் இன்னும் உள்ளே இருந்தது, ஆறு கொண்டுவந்த வண்டலில் கரை விலகிப் போய்விட்டது என்று. அதற்கு மேல் மாமாவுக்குச் சண்டிகளை விட சுங்கை பத்துதான் முக்கியமாகிவிட்டது. அங்கே பழைய படகுத்துறை என்று தோண்டி வைத்திருக்கிற செங்கல் வரிசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அவர் ஊரிலும் மண் மேடிட்டுத்தான் கப்பல் தள்ளி நின்றதாம். வெயில் மண்டையைப் பிளந்தது, ஒரு வார்த்தை கோபம் இல்லை.

பிள்ளை ஓடையில் இறங்கிவிட்டான் அக்கா. மாற்று உடை இருந்தது. தஞ்சோங் டாவாயும் போனோம், மாமா ஒவ்வொரு கடையிலும் நெத்திலி விலை கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்தார்.

எஸ்.பி. பையன் | செவ்வாய், இரவு 9.30

நெத்திலி விலை கேக்கத்தான் அண்ணே அந்த ஊர். நாங்களும் வாங்கறதில்ல.

மழை மேகம் | செவ்வாய், இரவு 9.41

ஃபெர்ரிக்குப் போகும்போது காடியை எங்கே விட்டீர்கள்? அம்மா நெடுந்தூரம் நடக்க மாட்டார்.

பாயான் லெப்பாஸ் ஷிஃப்ட் | செவ்வாய், இரவு 9.58

காடியைக் காலையில் விட்ட இடத்திலேயே விட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவிலிருந்து ஜெட்டி வரை கிராப் எடுத்தோம். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. இறங்கின இடத்திலிருந்து படகு வரைக்கும் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது, ஆனால் கொஞ்சம் நீளம், அம்மாவைப் பொறுமையாகக் கூட்டிப்போங்கள். சாயங்காலம் வேலை விட்டுப் போகிற மோட்டார் சைக்கிள் நெரிசல் இருக்கும், அதற்கு முன்னால் ஏறிவிடுங்கள்.